கோர்தோபாவில் நிதானமாக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் போகத் திட்டம் போடும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானோர் மாட்ரிட்டிலிருந்து செவில்யா போகும் வழியில் கோர்தோபாவில் இறங்குகிறார்கள். நாலு மணி நேரத்தில் பெரிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், ஒரு ராத்திரியாவது தங்குங்கள் என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கீழே விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

கோர்தோபாவில் அப்படி என்ன இருக்கிறது?

தெற்கு ஸ்பெயினில், அந்தலூசியா பகுதியில், குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. ரோமானியர் காலத்திலேயே மாகாணத் தலைநகர். தத்துவஞானி செனிகா இங்கே பிறந்தவர். ஆனால் ஊரின் உச்சகாலம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. 750-ல் டமாஸ்கஸில் முஸ்லிம் பேரரசை ஆண்டுவந்த உமய்யா வம்சத்தின் ஆட்சி கவிழ்ந்து, அந்தக் குடும்பத்தினர் வேட்டையாடப்பட்டபோது தப்பி ஓடியவர் அப்துர் ரஹ்மான் என்ற இளவரசர். வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயின் வந்து சேர்ந்து, 756-ல் கோர்தோபாவைப் பிடித்துத் தன் ஆட்சியை நிறுவினார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929-ல் தன்னைக் கலீஃபாவாக, அதாவது முஸ்லிம்களின் தலைவராக, அறிவித்துக்கொண்டார். 10-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று கோர்தோபா. கலீஃபா இரண்டாம் அல் ஹகமின் நூலகத்தில் நாலு லட்சம் நூல்கள் இருந்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம், ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு ஊர் நூல்களை வைத்துப் பெருமை பேசியது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1236-ல் வடக்கே இருந்த காஸ்தில் என்ற கிறிஸ்தவ நாட்டின் அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ ஊரைப் பிடித்தார். அதற்குப் பின் மெல்ல மெல்ல இது ஓர் ஓரத்து ஊராகிவிட்டது. அதனாலோ என்னவோ, பழைய ஊரின் குறுகலான சந்துகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டன. பள்ளிவாசலை 1984-லும், சுற்றியுள்ள பழைய நகரத்தை 1994-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நாலு மணி நேரம் ஏன் போதாது?

ஓடி ஓடிப் பார்த்தால் போதும். ஆனால் நாலு மணி நேரத்துக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்பதுதான் சிக்கல். காலை 10.30 வாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும், மாலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடும். நடுவில் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களில் நடக்க இடம் இருக்காது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் அதே தெருக்கள் வேறு ஊர் மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவிய கல்தரை, கடையைத் திறந்துகொண்டே பக்கத்துக் கடைக்காரரிடம் பேசும் சத்தம், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் பெரியவர்கள் என்று ஊர் தன்பாட்டில் இருக்கும். அதைப் பார்க்க ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த மாதத்தில் போகலாம்?

மார்ச் கடைசி முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். வசந்த காலத்தில் தெருவெங்கும் நிற்கும் ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணக்கும். (அந்த மரங்களின் பழத்தைப் பறித்துத் தின்ன வேண்டாம். கடும் கசப்பு.) மே முதல் பாதியில், பூத்தொட்டிகள் நிறைந்த வீட்டு முற்றங்களை ஊருக்குத் திறந்துவிடும் முற்றத் திருவிழா நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டமும் அறை வாடகையும் இரண்டு மடங்கு.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். "நாம் பார்க்காத வெயிலா?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். ஐரோப்பாவிலேயே அதிகம் காயும் ஊர்களில் இது ஒன்று. 46 டிகிரியைத் தாண்டிய நாள்கள் உண்டு. வறண்ட வெயில் என்பதால் வியர்வை தெரியாது, உடம்பில் நீர் வற்றுவதும் தெரியாது. வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், மதியம் இரண்டிலிருந்து ஏழு வரை அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

எப்படிப் போய்ச் சேருவது? விசா வேண்டுமா?

மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். செவில்யாவிலிருந்து முக்கால் மணி நேரம், மாலகாவிலிருந்து ஒரு மணி நேரம். மாட்ரிட் – செவில்யா பாதை 1992-ல் திறந்தது, ஸ்பெயினின் முதல் அதிவேக ரயில் பாதை அதுதான். இப்போது அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே தவிர வீகோ, இரியோ ஆகிய நிறுவனங்களும் ஓட்டுவதால் முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஏறும் முன் பையை ஸ்கேன் செய்வார்கள், அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

நிலையத்திலிருந்து பள்ளிவாசல் வரை நடந்தால் 25 நிமிடம். பெட்டி இருந்தால் டாக்சி எடுத்துவிடுங்கள், பழைய ஊரின் கூழாங்கல் தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே போகலாம்.

காலையில் முதலில் எங்கே போவது?

நேராக மெஸ்கீத்தாவுக்கு. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெரிய பள்ளிவாசலை இப்படித்தான் சொல்வார்கள். அதிகாரபூர்வப் பெயர் மெஸ்கீத்தா பேராலயம். திங்கள் முதல் சனி வரை காலை 8.30-லிருந்து சுமார் ஒரு மணி நேரம், தனியாக வருபவர்களை இலவசமாக உள்ளே விடுவது நெடுநாள் வழக்கம். குழுக்களுக்கு அந்த நேரத்தில் அனுமதி இல்லை. நேரம் அவ்வப்போது மாறும், விழா நாள்களில் இருக்காது, அதனால் முந்தைய நாள் பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலி நடக்கும்.

இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்து இன்னொரு முறையும் போகச் சொல்வேன். அந்தக் காலை நேரத்தில் உள்ளே கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை, கிழக்கிலிருந்து சாய்வாக வெளிச்சம் வரும். அப்போது பார்ப்பதற்கும் நண்பகலில் பார்ப்பதற்கும் அத்தனை வித்தியாசம்.

உள்ளே போனதும் ஒன்றும் புரியவில்லை, எங்கே பார்த்தாலும் தூண்கள். எதைக் கவனிப்பது?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். 850-க்கும் மேற்பட்ட தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமான இரட்டை வளைவுகள். கட்டடம் மொத்தமாகச் சுமார் 180 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம். ஒரேயடியாகப் பார்க்க முயலாமல், ஒரு தூணின் அடியில் நின்று தொடங்குங்கள்.

உள்ளே நுழைந்ததும் வருவது 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய மிகப் பழைய பகுதி. அங்கே இருக்கும் தூண்கள் எதுவும் இந்தக் கட்டடத்துக்காகச் செதுக்கியவை அல்ல. ரோமானியர்களும், அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர்களும் கட்டியவற்றின் இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தவை. ஒன்று சாம்பல் நிறம், பக்கத்தில் இருப்பது இளஞ்சிவப்பு, அதற்கடுத்தது முறுக்கிய வரிகளோடு. உயரமும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றுக்கு அடியில் பீடம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. தலைப்பகுதிகளும் விதவிதம். குனிந்து அடியைப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து தலையைப் பாருங்கள். கிடைத்ததை வைத்து எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

இரட்டை வளைவும் அந்தச் சமாளிப்பில் பிறந்ததுதான். கிடைத்த தூண்கள் குட்டை. அவற்றின் மேல் நேராகக் கூரை போட்டால் அத்தனை பெரிய கூடம் இருண்டு, தலையில் இடிப்பதுபோல் இருந்திருக்கும். அதனால் தூணின் மேல் கட்டைத்தூண் எழுப்பி, கீழே ஒரு வளைவு, மேலே ஒரு வளைவு என்று இரண்டடுக்காகக் கட்டினார்கள். கீழ் வளைவு தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது. ஸ்பெயினின் மெரிதா நகரில் இருக்கும் ரோமானிய நீர்ப்பாலத்தைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கலாம் என்று கட்டடக்கலை அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கேயும் செங்கல்லும் கல்லும் மாறி மாறித்தான் வரும்.

அப்புறம் மிஹ்ராப், அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடம், இருக்கும் பக்கம் போங்கள். அது இரண்டாம் அல் ஹகம் 960-களில் விரிவாக்கிய பகுதி. அங்கே தூண்கள் ஒழுங்காக, இந்தக் கட்டடத்துக்கென்றே செய்தவை. கருநீலத் தூணும் இளஞ்சிவப்புத் தூணும் மாறி மாறி நிற்கும். மிஹ்ராப் வளைவைச் சுற்றியுள்ள பொன்னிற மொசைக்குக்கான கண்ணாடிச் சில்லுகளையும் அதைப் பதிக்கத் தெரிந்த கலைஞரையும் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து பைசாந்தியப் பேரரசர் அனுப்பி வைத்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பேரரசர் ஒரு கலீஃபாவின் பள்ளிவாசலுக்கு அனுப்பிய பரிசு. கம்பித் தடுப்பு இருப்பதால் கிட்டே போக முடியாது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் விலா வளைவுகளால் ஆன குவிமாடம் தெரியும். அதற்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாகக் கிழக்குப் பக்கம். அல்மன்சூர் என்ற அமைச்சர் 987-ல் எட்டு வரிசைகளைச் சேர்த்தார். தெற்கே ஆறு குறுக்கிட்டதால் அந்தப் பக்கம் நீட்ட வழியில்லை. அதனால் மிஹ்ராப் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போனது. இந்தப் பகுதியின் வளைவுகளை உற்றுப் பாருங்கள். பழைய பகுதியில் சிவப்பு என்பது உண்மையான செங்கல். இங்கே எல்லாம் கல், அதன் மேல் சிவப்புச் சாயம் மட்டும். அவசரமாகக் கட்டியதன் அடையாளம். கல்தச்சர்கள் தூண்களில் பொறித்த பெயர்களும் குறிகளும் இன்னும் இருக்கின்றன. அரசர்களின் பெயரை எல்லோரும் எழுதிவிட்டார்கள். இந்தத் தச்சர்களின் பெயரை அவர்கள் தாங்களே பொறித்துக்கொண்டதால்தான் நமக்குத் தெரிகிறது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

பள்ளிவாசலுக்கு நடுவே பெரிய தேவாலயம் எப்படி வந்தது?

1236-ல் ஊர் கைமாறியதும் பள்ளிவாசல் பேராலயமாக அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த சுமார் மூன்று நூற்றாண்டுகள் ஓரங்களில் சிற்றாலயங்கள், ஒரு சின்ன வழிபாட்டுக்கூடம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1523-ல் ஆயர் அலோன்சோ மன்ரீக்கே, நடுவில் இடித்துவிட்டுப் பெரிய ஆலயம் எழுப்ப முடிவு செய்தபோது நகர மன்றமே எதிர்த்தது. எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். தங்கள் ஊரின் கட்டடத்தில் கை வைக்காதே என்றார்கள். வழக்கு அரசர் ஐந்தாம் சார்லஸிடம் போக, அவர் ஆயர் பக்கம் சாய்ந்தார். பிறகு நேரில் வந்து பார்த்தபோது, எங்கும் கட்டக்கூடிய ஒன்றுக்காக உலகில் எங்கும் இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவர் வருந்தியதாக ஒரு கதை உண்டு. ஆதாரம் பலமானதல்ல, ஆனால் ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அந்த ஆலயத்தையும் பொறுமையாகப் பாருங்கள். பெத்ரோ துகே கோர்னெகோ 18-ஆம் நூற்றாண்டில் மஹோகனி மரத்தில் செதுக்கிய பாடகர் இருக்கைகள் அபாரமான வேலைப்பாடு. இருண்ட வளைவுகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று வெண்மையான அந்த உயரத்துக்குள் நுழைவதை வேறெங்கும் அனுபவிக்க முடியாது. இழப்பு பெரிதுதான். ஆனால் நடுவில் ஆலயம் வந்ததால்தான் மிச்சக் கட்டடத்தை யாரும் இடிக்காமல் விட்டார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

உள்ளே முஸ்லிம்கள் தொழலாமா? உடை விதி உண்டா?

தொழ அனுமதி இல்லை. இது இன்றும் கத்தோலிக்கப் பேராலயம், காவலர்கள் கவனிப்பார்கள். உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மறைவது நல்லது. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

காலைச் சாப்பாடு?

மெஸ்கீத்தாவிலிருந்து வெளியே வந்ததும் சாப்பிடுங்கள். வறுத்த ரொட்டியின் மேல் துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும், கூடவே பால் காபி. சுற்று வட்டாரம் முழுக்க ஆலிவ் தோப்புகள்தான், எண்ணெயை ஊற்றக் கூச்சப்படாதீர்கள். எண்ணெயில் பொரித்த சுர்ரோ என்ற மாவுப் பண்டத்தை இந்த ஊரில் ஹெரிங்கோ என்பார்கள். அதுவும் காலையில்தான் கிடைக்கும். பள்ளிவாசலை ஒட்டிய கடைகளை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனால் விலையும் குறையும், பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள்.

யூதர் குடியிருப்பில் என்ன பார்க்கலாம்?

மெஸ்கீத்தாவுக்கு வடமேற்கே இருக்கும் வெள்ளைச் சுவர்ச் சந்துகள்தான் அது. பூத்தொட்டிகள் தொங்கும் சந்தில் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நான் அதைத் தவிர்த்துவிட்டு அந்தச் சிறிய யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போகச் சொல்வேன். 1315-ல் கட்டியது. ஸ்பெயினில் இடைக்காலத்திலிருந்து நல்ல நிலையில் தப்பியவை மிகச் சில. தொலேதோ நகரில் இரண்டு, இங்கே ஒன்று. ஒரு சின்ன அறைதான், பார்க்க 15 நிமிடம் போதும். 1492-ல் யூதர்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்ட பின் இது வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கான மருத்துவமனையாகவும், பிறகு செருப்புத் தொழிலாளர் சங்கத்தின் சிற்றாலயமாகவும் இருந்தது. 1880-களில் சுவரின் பூச்சு உதிர்ந்தபோதுதான் அடியிலிருந்த ஹீப்ரு எழுத்துகளும் சுண்ணாம்புச் சிற்ப வேலையும் வெளியே வந்தன.

பக்கத்தில் மைமோனிடெஸின் சிலை. யூதச் சிந்தனையாளர், மருத்துவர், 12-ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாத் என்ற முஸ்லிம் வம்சத்து ஆட்சியின் கெடுபிடியால் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக நேர்ந்தது, கெய்ரோவில் 1204-ல் இறந்தார். சிலையின் கால் மட்டும் பளபளவென்று இருக்கும். தொட்டால் அறிவு வளரும் என்று வருகிறவர்கள் எல்லோரும் தடவியதால். அதே நூற்றாண்டில் இதே ஊரில் பிறந்தவர் இப்னு ருஷ்து, அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியவர். அவர் சிலை கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கிறது. வயதான காலத்தில் அவரும் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்தான். மதங்கள் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று வழிகாட்டிகள் சொல்லும்போது, அது சில காலம் உண்மை, பல காலம் உண்மையில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் எல்லாம் மூடிவிடுமாமே?

ஆமாம். இரண்டிலிருந்து ஐந்து வரை சிறு கடைகள் பலவும் மூடியிருக்கும். அதோடு சண்டை போடாதீர்கள். இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து நாலு மணிக்கு எழுந்திருங்கள். பன்னிரண்டரைக்குப் போனால் சமையலறையே திறந்திருக்காது. ராத்திரிச் சாப்பாடும் ஒன்பதுக்குத்தான் தொடங்கும். சாப்பிட்டபின் அறைக்குப் போய்த் தூங்குங்கள். நிதானமான நாள் வேண்டும் என்றுதானே வந்தோம்!

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும். இந்த ஊரின் பெருமைக்குரிய உணவு சால்மொரேகோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் நான்கையும் நன்றாக அரைத்து, கெட்டியாக, ஜில்லென்று கிண்ணத்தில் தருவார்கள். கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும், எண்ணெய் சேர்ந்ததால் நிறம் சிவப்பு போய் ஆரஞ்சாகியிருக்கும். மேலே அவித்த முட்டையும் பன்றித் தொடை இறைச்சித் துண்டுகளும் தூவுவது வழக்கம். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே "சின் ஹமோன்" என்று சொல்லிவிடுங்கள், இறைச்சி போட மாட்டார்கள். முட்டையும் வேண்டாம் என்றால் "சின் ஊவோ".

அடுத்தது கத்தரிக்காய்ப் பொரியல். நீளவாக்கில் நறுக்கி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் துவண்டுவிடும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் உண்டு. மெஸ்கீத்தாவுக்கு எதிரே உள்ள பார் சாந்தோஸ் என்ற சின்னக் கடையில் தடிமனாகச் செய்து, துண்டு போட்டுத் தருவார்கள். வாங்கிக்கொண்டு பள்ளிவாசல் சுவரோரம் நின்றே சாப்பிடுவது வழக்கம்.

இனிப்புக்குப் பாஸ்தெல் கோர்தோபேஸ் என்ற அடுக்கு மாவுப் பணியாரம், உள்ளே பூசணி வகைக் காயின் ஜாம். ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய செய்முறை, சிலர் உள்ளே இறைச்சியும் வைப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அசைவர்களுக்கு எருதுவால் குழம்பு, நீளச் சுருள் பன்றி இறைச்சியான ஃப்ளமெங்கீன் இரண்டும் ஊரின் அடையாளம்.

முற்றங்களைப் பார்க்க மே மாதம்தான் போக வேண்டுமா?

இல்லை, ஆனால் மே மாதத்துக்கு ஈடு இல்லை. முற்றப் போட்டி 1921-ல் தொடங்கியது, 2012-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாள்களில் பல வீடுகள் கதவைத் திறந்து வைத்து முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடுகின்றன, அதுவும் இலவசமாக. இவை அரண்மனைகள் அல்ல. முன்பு பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாடகைக்கு இருந்த வீடுகள். பொதுக் கிணறு, பொதுச் சமையலறை, துவைக்கும் கல் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கும்.

சுண்ணாம்புச் சுவரில் கூரை உயரம் வரைக்கும் நீலத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஜெரேனியமோ கார்னேஷனோ. அத்தனை உயரத்துக்கு எப்படித் தண்ணீர் விடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். நீளமான மூங்கில் போன்ற கழியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டியிருப்பார்கள். கிணற்றடியில் டப்பாவை நிரப்பி, கழியை மெல்லத் தூக்கி, தொட்டிக்கு மேலே கொண்டுபோய்ச் சாய்ப்பார்கள். கோடையில் நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்கும் தினம் இப்படி ஊற்ற வேண்டும். பல வீடுகளில் இதைச் செய்வது வயதான பெண்கள். அவர்கள் பேச்சுக் கொடுத்தால் நின்று கேளுங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் காணிக்கைத் தட்டு இருந்தால் ஓரிரு யூரோ போட்டுவிட்டு வாருங்கள்.

மற்ற மாதங்களில் சான் பாசிலியோ பகுதியில் சில முற்றங்கள் திறந்திருக்கும். வியானா அரண்மனையில் 12 முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். அது பிரபுக்களின் வீடு, அழகு அதிகம். ஆனால் சான் பாசிலியோவின் வீட்டு முற்றம் மனசுக்கு நெருக்கமானது.

அல்காசர் கோட்டை அவசியமா?

நேரம் இருந்தால். 1328-ல் பதினொன்றாம் அல்ஃபோன்சோ கட்டத் தொடங்கியது. கொலம்பஸ் 1486-ல் அரசி இசபெல்லையும் அரசர் ஃபெர்னாந்தோவையும் சந்தித்தது இங்கேதான். பிறகு மூன்று நூற்றாண்டுக்கு மேல், கத்தோலிக்க நெறியிலிருந்து விலகியவர்களைத் தண்டித்த மதவிசாரணை மன்றம் இங்கே இயங்கியது. கட்டடம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, தோட்டங்களும் ரோமானிய மொசைக்குகளும் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை இதுவும் வியானாவும் யூதத் தொழுகைக்கூடமும் மூடியிருக்கும், அதனால் திங்கட்கிழமையைத் தவிருங்கள்.

மாலையில்?

ரோமானியப் பாலத்துக்குப் போங்கள். 16 வளைவுகள். முதலில் கட்டியது ரோமானியர்கள் என்றாலும், வெள்ளத்திலும் போரிலும் இடிந்து இடிந்து எழுப்பியதில் அவர்கள் காலத்து வளைவுகள் ஓரிரண்டுதான் மிச்சம். 2004 முதல் வாகனங்கள் கிடையாது. நடுவில் தேவதூதர் ரஃபேலின் சிலை, 1651-ல் கொள்ளை நோய் தணிந்தபோது வைத்தது. இன்றும் ஊர் மக்கள் காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

கீழே ஆற்றில் பழைய நீர்மில்கள், நாணல் திட்டுகள். கொக்கும் நீர்க்காகமும் அந்தி நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து அடையும். மறுகரையில் கலவோரா கோபுரம் வரை நடந்து, அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் பாலமும் பள்ளிவாசலும் ஒரே பார்வையில் கிடைக்கும். இருட்டி விளக்கு போடும் வரை அங்கேயே இருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொர்ரெதேரா சதுக்கம் நல்ல இடம். 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீள்சதுர வளாகம். சுற்றி வளைவு மண்டபம், நடுவில் மேசைகள். முன்பு காளைச் சண்டை நடந்த இடத்தில் இப்போது குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். பதினொரு மணி வரைக்கும்!

செலவு எவ்வளவு ஆகும்?

மாட்ரிட், பார்சிலோனாவை விடக் குறைவு. மெஸ்கீத்தா டிக்கெட்தான் பெரிய செலவு, அது சுமார் 15 யூரோ. மெஸ்கீத்தாவின் ஆரஞ்சு மர முற்றத்துக்கும் பாலத்துக்கும் கட்டணம் கிடையாது. மதியத்தில் பல கடைகளில் "மெனு தெல் தியா" என்று முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள். குறைந்த செலவில் நிறைவாகச் சாப்பிட அதுவே வழி.

வயதான பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஊர் பெரும்பாலும் சமதளம், தூரங்களும் குறைவு. கூழாங்கல் தரை மட்டும்தான் பிரச்சினை. தடித்த அடியுள்ள காலணி வேண்டும். மெஸ்கீத்தாவின் மணிக்கூண்டு ஏற லிஃப்ட் கிடையாது, படிகள்தான். அவர்களை ஆரஞ்சு மர முற்றத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் ஏறலாம்.

ஏமாற்று வேலை ஏதாவது?

மெஸ்கீத்தா வாசலில் சிலர் ரோஸ்மேரி இலைக்கொத்தைக் கையில் திணித்து, உள்ளங்கையைப் பிடித்து ஜோசியம் சொல்லிக் காசு கேட்பார்கள். கையை நீட்டாமல், "நோ, கிராசியாஸ்" என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். மற்றபடி அமைதியான ஊர், ராத்திரி நடக்கப் பயமில்லை.

மதீனா அஸஹாராவையும் அதே நாளில் பார்த்துவிடலாமா?

வேண்டாம், மறுநாள் காலைக்கு வையுங்கள். ஊருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில், மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். முக்கால் நூற்றாண்டு கூட முழுதாக நிற்கவில்லை, 1010 வாக்கில் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அதன் கல்லையும் தூணையும் பிற்காலத்தவர் எடுத்துப் போய்விட்டார்கள். 1911-ல்தான் அகழாய்வு தொடங்கியது, இன்னும் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊரிலிருந்து சுற்றுலாப் பேருந்து உண்டு, இருக்கையை முன்கூட்டி வாங்கிவிடுங்கள். அது அருங்காட்சியகம் வரைதான் போகும். அங்கிருந்து மேலே இடிபாடுகளுக்குச் சிறு பேருந்து மாற வேண்டும். முதலில் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், அப்போதுதான் மேலே கிடக்கும் கற்கள் எந்த மண்டபத்தின் மிச்சம் என்று புரியும். மரநிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். போய்வர அரை நாள் ஆகும். மாட்ரிட் ரயிலை மாலை நாலு மணிக்குப் பிறகு எடுத்தால் பதற்றமில்லாமல் மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொள்ளலாம்.